லயத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளாமை

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, பாடசாலையின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவே முதலில் நினைத்தேன். அதிபர்களின் காலம், கட்டடங்கள் எழுந்த ஆண்டு, பரிசளிப்பு விழாக்கள் எல்லாம் மலரின் மற்றப் பக்கங்களில் வரும். நான் எழுத எடுத்துக்கொண்டது பாடசாலை வாயிலுக்கு வெளியே உள்ள ஒரு வரலாறு. காலையில் பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி, சப்பாத்தில் ஒட்டியிருந்த தோட்டத்து மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டு உள்ளே நுழைந்தோமே, நம்மில் எத்தனையோ பேர், அந்த மண்ணின் வரலாறு.

1969ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பாசிரியை இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தகப்பனாரின் தொழில் என்னவென்று கேட்டு எழுதினார். கடை, கச்சேரி, ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று நகரத்துப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது "தோட்டத்தில் வேலை" என்றேன். எனக்குப் பின்னால் இருந்த ஐந்தாறு பேரும் அதையே சொன்னார்கள். அன்று மாலை லயத்துக்குத் திரும்பி அம்மாயியிடம் இதைச் சொன்னேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளாமன்னு சொல்லியிருக்கலாமே தாயி. நாம வெள்ளாமக்காரங்கதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலைக்கு நடுவே என்ன வெள்ளாமை? அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

நம் முன்னோரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அவர்களைத் தொழிலாளர்களாகவே பார்க்கிறது. கங்காணி, கடன், சம்பளம், வேலைநிறுத்தம், பறிபோன வாக்குரிமை. இவையெல்லாம் உண்மை, எழுதப்பட வேண்டியவையும்கூட. ஆனால் செக்ரோலில் பேர் விழுந்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். அந்த எஞ்சிய நேரத்தில்தான் அவர்கள் தாங்கள் யாரென்று நினைத்தார்களோ அப்படி வாழ்ந்தார்கள்.

அம்மாயியின் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், வட ஆற்காடு என்று மழையை நம்பிய ஊர்களிலிருந்துதான் மலையகத்துக்கு ஆட்கள் வந்தார்கள். கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, கடலை விளைந்த பூமி. மழை பொய்த்தால் பட்டினி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் எத்தனையோ குடும்பங்களைக் கப்பலேற வைத்தது. வந்தவர்கள் எல்லாரும் நிலம் வைத்திருந்தவர்கள் அல்ல. பலர் பிறர் வயலில் பண்ணையாளாகவும் வாரத்துக்கும் உழைத்தவர்கள். சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவர்கள். பிற்காலத்தில் ஒருநாள் அம்மாயியிடம், "உங்க அப்பாவுக்கு ஊர்ல எவ்வளவு காணி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நமக்கேது?" என்றார் சாதாரணமாக. அவருக்கு வெள்ளாமை என்பது சொத்தின் பெயரல்ல. விதைக்கத் தெரிந்தவர்கள் என்பதுதான் அதன் பொருள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

அவர் 1918 வாக்கில் ஏழெட்டு வயதுப் பிள்ளையாக வந்தவர். அதற்கு ஒரு தலைமுறை முன்னால் வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து இன்னும் மலையேறி ஊவாவுக்கு வந்தவர்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின் அந்த நடை குறைந்தது. அம்மாயியின் குடும்பம் மண்டபம் முகாமில் அம்மை குத்திக்கொண்டு, கப்பலேறி, தலைமன்னாரில் புகையிரதம் ஏறி, மலைநாட்டுப் பாதையில் மாறிப் பண்டாரவளை வந்து சேர்ந்தது. பதுளைக்கு அப்போது புகையிரதம் இல்லை. அது 1924இல்தான் வந்தது. பண்டாரவளையில் இறங்கி, கங்காணிக்குப் பின்னால் வரிசையாக நமுனுகுலச் சரிவு வரை நடந்தார்கள். அம்மாயியின் தாயார் இடுப்புச் சேலையில் முடிந்து கொண்டு வந்தவை மூன்று: குலசாமிக் கோயில் விபூதி, கொஞ்சம் கேழ்வரகு, அவரை விதை. இதை அம்மாயி சொல்லும்போது விபூதியைப் பற்றி ஒரு சொல்லும், விதையைப் பற்றிப் பத்துச் சொல்லும் சொல்வார்.

அவர்கள் வந்து சேர்ந்த நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1817–18 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது ஊவாவின் வயல்களும் குளங்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் மேய்ச்சல் நிலமும் அரசுக்கு உரியவை என்றது. சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த பத்தனைகளும் குரக்கன் விதைத்த சேனைகளும் துரைமாருக்கு விலையாகிக் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளையில் டம்பத்தென்னையை வாங்கிய பின் ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது. ஆக, நிலம் பறிபோன ஒரு விவசாயச் சமூகத்தின் மத்தியில், நிலமே இல்லாத இன்னொரு விவசாயச் சமூகம் கொண்டுவந்து இறக்கப்பட்டது. இரண்டு சமூகத்துக்கும் பொதுவாக இருந்தது குரக்கன். நாம் கேழ்வரகு என்றதை அவர்கள் குரக்கன் என்றார்கள். பிறகு நாமும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டோம்.

தோட்டத்து நாள் எப்படிப் போனது என்பது இம்மலரை வாசிக்கும் பலருக்குத் தெரியும். விடியுமுன் தப்புச் சத்தம், பெரட்டுக்களம், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவது, கூடையும் படங்கும் மட்டக்கம்பும், பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தைக்குப் பால் கட்டிய மார்பு, கொழுந்து நிறுவை, அரைப்பேர். அதை நான் விரிக்கவில்லை. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984 வரை வரவில்லை. அந்த 43 சதமும் பெரும்பாலும் பெண்ணின் கைக்கு வந்ததில்லை. சம்பள நாளில் வரிசையில் நின்று வாங்கியது தகப்பனோ, புருஷனோ, அண்ணனோதான். தவறணைக் கடையைத் தாண்டி அந்தக் காசு லயத்துக்கு வரும்போது அதில் என்ன மிச்சமிருக்கும் என்பது அந்தந்த வீட்டு ஆணின் குணத்தைப் பொறுத்தது. (தவறணை என்றால் கள்ளுக்கடை, தேயிலை நாற்றுமேடைக்கும் நம் மக்கள் அதே பெயரை வைத்தார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.)

இனி லயத்துக்குப் பின்னால் போவோம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் தேயிலை நடுவதற்கு ஆகாத சரிவு, கற்பாறை இடுக்கு, கான் ஓரம், ஆற்றுப் பள்ளம். இந்த மிச்சசொச்ச நிலத்தில்தான் தோட்டம் போட்டார்கள். தோட்டத்துக்குள் ஒரு தோட்டம் என்பதால் "மரக்கறித் தோட்டம்" என்று பிரித்துச் சொல்வது வழக்கம். எங்கள் அம்மாயியின் பாத்தி மொத்தமாக இரண்டு லயக் காம்பராவின் அளவுகூட இராது. ஆனால் அதில் ஓர் அங்குலம் சும்மா கிடந்ததில்லை. வேலியில் அவரையும் சௌசௌவும். மேல் படியில் குரக்கனும் சோளமும். நடுவில் போஞ்சி, நோக்கோல், முள்ளங்கி, கோவா. ஈரமான கீழ்ப் பகுதியில் சேம்பும் வல்லாரையும். குப்பைமேட்டில் பூசணி. மூலையில் ஒரு தக்காளி மரம், ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை. கறிவேப்பிலை அந்தக் குளிரில் நோஞ்சானாகவே நின்றது. அம்மாயியும் அதை விடவில்லை, அதுவும் சாகவில்லை.

ஊவாவின் மழை புதுக்கோட்டையின் மழையும் அல்ல, நுவரெலியாவின் மழையும் அல்ல. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. அட்டை கடிக்கும் காலம். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை. ஆனி பிறந்தால் மேற்கே மலைக்கு அப்பால் மழை கொட்டும். நம் பக்கம் மலையைத் தாண்டி வறண்ட காற்று மட்டும் இறங்கும். கச்சான் காற்று என்போம். ஆடி, ஆவணி வரை அது அடிக்கும். அந்தக் காற்றில் கொழுந்து வாடிச் சுருங்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்குரிய அந்தத் தனி வாசனை ஏறுகிறது என்று தேயிலை நிபுணர்கள் சொல்வார்கள். கொழும்பு ஏலத்தில் விலை உயரும் அதே மாதங்களில் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக மெலிந்துவிடும், கொழுந்து குறைந்து பேரும் குறையும், பாத்தி காயும். சோற்றுப்பானை கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான் போகும். எங்களைப் பாத்தி ஓரத்தில் நிற்கவைத்துத்தான் அம்மாயி குளிப்பாட்டுவார். முதுகில் ஊற்றும் தண்ணீர் போஞ்சிக்குப் போய்ச் சேர வேண்டும்.

விதை பாதுகாப்பதில் அவர் காட்டிய கண்டிப்பைப் போல வேறெதிலும் காட்டியதில்லை. பூசணி விதையைச் சாணத்தில் பிசைந்து சுவரில் அப்பி உலர்த்துவார். சோளக்கதிர் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். அவரை விதை சாம்பல் பூசிப் போத்தலுக்குள் இருக்கும். பசித்தாலும் விதைப் போத்தலைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் ஒரே ஒரு தடவைதான் மீறப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதை இளைய சகோதரிகள் பலர் பார்த்திருப்பீர்கள். இப்போது அது ஓர் அலங்காரமாகிவிட்டது. கிராமத்தில் அது ஒரு சோதனை. அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கும் விதை முளைக்குமா என்று விதைப்பதற்கு முன் அம்மன் பேரால் பார்த்துக்கொள்வார்கள். காய்ந்த சாணமும் மண்ணும் பரப்பிய தட்டில் நவதானியம் தூவி, இருட்டறையில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, இரவில் பெண்கள் சுற்றி வந்து கும்மி கொட்டுவார்கள். ஒன்பதாம் நாள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் முளை ஒரு முழ உயரம் நிற்கும். தோட்டத்தில் நவதானியம் விதைக்க வயல் இல்லை. தானியமே பதுளைக் கடைத்தெருவில் வாங்கி வந்ததுதான். இருட்டுக்கு மட்டும் லயக் காம்பராவில் குறைவில்லை. ஆனாலும் முளை நன்றாக வந்தால் கிழவிகள் முகத்தில் வரும் நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். விதைக்காத வயலுக்கு விளைச்சல் பார்த்தார்கள். தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைத்தார்கள்.

மாசியில் காமன் கூத்து, தையில் பொங்கல் எல்லாம் இப்படித்தான். கூப்பன் அரிசியில் புதுப்பானைப் பொங்கல் வைத்தோம். தேயிலை ஸ்டோரில் சுழலும் ரோதைக்கு ஒரு காவல் தெய்வம் வேண்டுமென்று ரோதைமுனியை உண்டாக்கினார்கள். உழவர் சமூகம் ஏருக்கும் களத்துக்கும் செய்த மரியாதையை இயந்திரத்துக்குச் செய்தது. மாட்டுப் பொங்கல் மட்டும் நடிப்பு இல்லாத பொங்கல். மாடு உண்மையாகவே இருந்தது.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

லயத்திலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுப்பட்டி. பத்தனையில் மானாப் புல். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மண் தேற நட்டிருந்த குவாட்டமாலாப் புல். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் கூடைக்கு மேலே ஒரு கட்டுப் புல்லும் சுமந்து வருவார்கள். காலையில் பெரட்டுக்கு முன் கறவை. பால் போத்தல் கணக்கில் தேநீர்க்கடைக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் போகும். பிற்காலத்தில் சந்தியில் பால் சேகரிக்கும் வண்டி வந்தது. சாணம் பாத்திக்கு. இந்தப் பால் காசும் மரக்கறிக் காசும் செக்ரோலில் ஏறாத காசு. எந்த ஆணும் வரிசையில் நின்று வாங்க முடியாத காசு. அது அம்மாயியின் முந்தானை முடிச்சில் இருந்தது.

இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று படித்திருக்கிறோம். சம்பளம் கட்டத் தேவையில்லைதான். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பெருமளவில் அரசு பொறுப்பேற்றது 1977இலும் அதன் பின்னருமே. ஐந்துக்கு மேல் படிக்க வேண்டுமானால் பதுளைக்கு வர வேண்டும். வெள்ளைச் சீருடைத் துணி, சப்பாத்து, கொப்பி, பஸ் சீசன் டிக்கட். ஆண்பிள்ளைக்கென்றால் வீட்டில் எப்படியாவது புரட்டுவார்கள். பெண்பிள்ளைக்கு? "பேர் போட வயசாச்சு, கொழுந்துக்கு அனுப்பு" என்பதுதான் பொது வழக்கு. என் தாத்தாவும் அதைத்தான் சொன்னார், கெட்ட மனிதர் அல்ல. அம்மாயி அவரோடு வாதாடவில்லை. முந்தானையை அவிழ்த்துச் சீருடைத் துணி வாங்கினார். என் அம்மாவுக்கு அவரால் அதைச் செய்ய முடியவில்லை, அப்போது மாடு இல்லை. எனக்குச் செய்தார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்று நீண்டகாலம் எண்ணியிருந்தேன். பின்னர் என் வகுப்புத் தோழியரிடம் பேசிப் பார்த்தபோது, பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொருத்தியின் கதையிலும் ஒரு மாடோ, ஆடோ, கோழியோ, போஞ்சிப் பந்தலோ வந்தது. எல்லாம் ஒரு பெண்ணின் கையில் இருந்தவை.

தோட்டத்துக்கு அடுத்த சிங்களக் கிராமத்தை நாம் "நாடு" என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டு வேலைக்குப் போவது உண்டு. அறுவடைக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூலியாக நெல்லும் பலாக்காயும் கித்துல் பாணியும் வாங்கி வருவார்கள். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குச் செய்கை 1960களின் இறுதியில் பெருகியபோது, மாமா அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்து எங்கள் பாத்தியிலும் நட்டுப் பார்த்தார். நாட்டிலிருந்து வரும் ஒரு சிங்களக் கிழவியும் அம்மாயியும் குரக்கன் விதை மாற்றிக்கொள்வார்கள். இருவருக்கும் மற்றவர் மொழி பாதிதான் வரும். விதையைப் பற்றிப் பேச அது போதுமாயிருந்தது. 1983 ஜூலையைப் பற்றி இம்மலரில் வேறு யாரேனும் எழுதக்கூடும். நான் அந்தக் கிழவியை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன்.

இத்தனையும் எந்தப் பத்திரத்தின் மேல் நின்றது? ஒன்றின் மேலும் இல்லை. பாத்தி துரையின் தயவு. புதிய கன்று நட மலை வேண்டுமென்றால், பூத்து நிற்கும் போஞ்சியோடு எடுத்துக்கொள்வார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து அரிசிக் கப்பல் நின்றபோது துரையே லயத்துக்கு வந்து கிழங்கு நடுங்கள் என்று சொன்னாராம். "போர் முடிஞ்சதும் அந்த எடத்தையும் எடுத்துக்கிட்டாங்க" என்பார் அம்மாயி, கோபமில்லாமல், மழை நின்றதைச் சொல்வது போல.

கோபமே இல்லாத மக்கள் என்று எண்ண வேண்டாம். 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது, பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, துரை அதனோடு கலந்தே நடக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1947 பொதுத்தேர்தலில் பதுளையிலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின் நம்மவர் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள். நாடற்றவருக்குக் காணி ஏது? கிராமத்தவருக்குக் குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்த காலம் முழுவதும் நாம் அந்த வரிசையிலேயே இல்லை.

1964 ஒக்டோபரில் இரு பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். எங்கள் லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இலங்கை, அந்தப் பக்கம் இந்தியா என்றாயிற்று.

அதே நேரத்தில்தான் பஞ்சமும் வந்தது. 1973, 74. கூப்பன் அரிசி குறைந்தது. கோதுமை மாவும் கிடைக்கவில்லை. தோட்டங்களில் மரண வீதம் ஏறியது பிற்காலப் புள்ளிவிபரங்களில் உள்ளது. அதை நாங்கள் லயத்தில் பாடை பார்த்தே அறிந்தோம். நான் அப்போது சாதாரணதரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கோதுமை ரொட்டி போய், மரவள்ளியும் காட்டுக்கீரையும் வந்தன. வகுப்பில் முதலில் வாங்குகள் காலியாகின, பிறகு இடாப்பில் பெயர்கள் வெட்டப்பட்டன. மூன்றாம் வரிசையில் என்னோடு இருந்த இருவர் ஒரு தவணை விடுமுறைக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. ஒருத்தி பிள்ளை வளர்க்கும் வேலைக்குக் கொழும்புக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். மற்றவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் அவளை அறிந்தவர் இருந்தால், சங்கத்துக்கு எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஆண்டுதான் விதைப் போத்தல் திறக்கப்பட்டது. அம்மாயி அவரை விதையை அடுப்பில் வேகவைத்தார். முழுவதையும் அல்ல, ஒரு கைப்பிடியை எடுத்து மறுபடி மூடிவைத்தார். மாட்டை விற்கச் சொன்னார்கள், மறுத்தார். மாட்டை விற்றால் இரண்டு மாதச் சோறு, வைத்திருந்தால் பிள்ளையின் சீசன் டிக்கட் என்று கணக்குச் சொன்னார். எனக்கு இன்றுவரை அந்தக் கணக்கு முழுச் சரியென்று தோன்றவில்லை. என் தம்பி அந்த ஆண்டு மிகவும் மெலிந்துபோனான். ஆனால் நான் பரீட்சை எழுதினேன்.

மாமாவின் குடும்பத்துக்கு 1976இல் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல். தனுஷ்கோடி 1964 புயலில் அழிந்துவிட்டதால் இராமேஸ்வரத்தில் இறங்க வேண்டும். அத்தை புறப்படும் நாளில் தலையணை உறைக்குள் அவரை விதையை வைத்துத் தைத்தாள். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன் எந்தக் கடலைத் தாண்டி வந்ததோ அதே கடலைத் தாண்டி அந்த விதை திரும்பிப் போயிற்று. அவர்கள் கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். அங்கும் தேயிலைதான், அங்கும் லயத்துக்குப் பின்னால்தான் அவரைப் பந்தல்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின, 1992இல் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயின. பத்திரத்தின் மேலுள்ள பெயர் மாறிக்கொண்டே இருந்தது. நம் பெயர் மட்டும் எதிலும் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே சொல்லப்பட்டிருந்த சரிவு. ஆனால் சொந்தமாய் ஓர் அடி நிலமில்லாதவர்கள் எங்கே பெயர்ந்து போவார்கள்? அதன் பின்னரே தனிவீடும் காணியும் பற்றிய பேச்சு வேகம் பெற்றது. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று நிர்ணயித்தார்கள்.

என் தங்கை மகளுக்கு அப்படி ஒரு காணி கிடைத்தபோது பார்க்கப் போயிருந்தேன். 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. பாதை, மலசலகூடம், வடிகால் போக எஞ்சியதை அவள் அடி வைத்து அளந்து காட்டினாள். அம்மாயியின் பாத்தியைவிடப் பெரிது. வேலியோரம் அவரை போட ஏற்கெனவே குச்சி ஊன்றியிருந்தாள். "பெரியம்மா, மாடு எங்க கட்டுறது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அந்த 7 பேர்ச்சைச் சுற்றிச் சுற்றி வந்தோம். இடம் இல்லை.

பழைய மாணவிகளாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய துண்டு, பற்றுச்சீட்டு, செக்ரோல் தாள், பாஸ்போர்ட், கூப்பன் புத்தகம் ஏதேனும் இருந்தால் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அதோடு உங்கள் அம்மாயியோ அப்பாயியோ லயத்துக்குப் பின்னால் என்னென்ன போட்டிருந்தார்கள், விதை எங்கிருந்து வந்தது, உங்கள் முதல் சீருடைக்கு யார் கையிலிருந்து காசு வந்தது என்பதையும் நாலு வரியில் எழுதுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் நீலகிரியிலும் இருக்கும் சகோதரிகளும் எழுதலாம். எங்கள் வீட்டு அவரை விதை இன்னும் இருக்கிறது, ஊதாப் பூப் பூப்பது. வேண்டியவர்கள் கேட்டால் ஒரு கைப்பிடி தருவேன்.